குளிர்ந்த விரல், மாறாத நாக்கு: படுவான்கரை உயர்தர வகுப்பொன்றின் சென்சர் பரிசோதனைகள்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையிடம் ஓர்சீர்த்திடநிலை என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள், ஒரே மூச்சில் சொல்லிவிடும். வெளிச்சூழல் மாறினாலும் உடலின் அகச்சூழல் குறுகிய வீச்சுக்குள் பேணப்படுதல், மாற்றத்தை உணரும் வாங்கி, கட்டுப்பாட்டு மையம், அதன் கட்டளைப்படி இயங்கும் விளைவுகாட்டி, மாற்றத்தை எதிர்த்துத் திருத்தும் எதிர்ப் பின்னூட்டல். அம்புக்குறி போட்ட வட்டப்படமும் கூடவே வரும். தடுமாற்றம் அடுத்த கேள்வியில்தான். “சூடான கச்சான் காற்று அடிக்கிற நேரம் வெட்டையில நிற்கிற ஒருவருக்கு நாடி 110 ஆகுது, தோல் சுடுது, வியர்வை ஓடுது. அவருடைய ஓர்சீர்த்திடநிலை குழம்பிவிட்டதா, வேலை செய்கிறதா?” குழம்பிவிட்டது என்றுதான் பலரும் சொல்வார்கள். நாடி 72 என்று குறிப்பில் இருக்கிறதே, 110 என்றால் பிழைதானே!

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நான் உயிரியல் கற்பிக்கும் பாடசாலையில், விலங்கு உடலியல் அலகை அந்தக் கேள்வியில் இருந்தே தொடங்கிச் சென்சர்களைக் கொண்டு படிப்பித்த கதை இது. எங்கள் தொழினுட்பப் பாட ஆசிரியர் கருவிகளைப் பொருத்தித் தந்தார், வகுப்பு என்னுடையது. அலகு முடிந்தபோது எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விடயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பாடசாலையில் நாம் பிள்ளையின் உடம்பில் பொருத்தக்கூடிய மலிவான சென்சர்களில் பல, உடல் காப்பாற்ற முயலும் அளவை நேரடியாகக் காட்டுவதில்லை. அதைக் காப்பாற்ற உடல் எதை மாற்றுகிறது என்பதைத்தான் காட்டுகின்றன. இந்த வேறுபாடு பிடிபட்ட பிள்ளைக்கு ஓர்சீர்த்திடநிலை விளங்கிவிட்டது. பிடிபடாவிட்டால் எத்தனை வரைபு வரைந்தாலும் வட்டப்படம் வட்டப்படமாகவே கிடக்கும்.

எங்களிடம் இருந்தவை

உயர்தர உயிரியலுக்குத் தனிச் செய்முறைப் பரீட்சை இல்லை. பல்தேர்வு, அமைப்புக் கட்டுரை, கட்டுரை. எல்லாம் தாளில்தான். ஆகவே தவணை நெருங்க நெருங்க ஆய்வுகூடம் பூட்டியே கிடக்கும். அதில் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ரியூசனில் அதே அலகை ஏற்கெனவே ஒரு தடவை முடித்துவிட்டு வருகிறவர்களிடம் “இதைச் செய்து பார்ப்போம்” என்றால், “எக்ஸாமுக்கு வருமா டீச்சர்?” என்றுதான் கேட்பார்கள்.

வேர்னியர், பாஸ்கோ போன்ற நிறுவனங்கள் பாடசாலைகளுக்கென்றே சென்சர் தொகுதிகள் விற்கின்றன. நல்ல பொருட்கள்தான், ஆனால் எங்கள் கைக்கு எட்டாதவை. நாங்கள் எடுத்தது சென்சர்களை வாசித்துக் கணினிக்கு அனுப்பும் ஓர் ஆர்டுவினோ ஊனோ பலகை, உருக்குக் குழாய்க்குள் அடைத்த டீஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சர்கள் சில, விரலில் வைக்கும் மேக்ஸ்30102 நாடிச் சென்சர், கொரோனாக் காலத்தில் வாங்கி அலுமாரியில் கிடந்த பல்ஸ் ஒக்சிமீற்றர், மருந்துக் கடையில் விற்கும் டிஜிட்டல் வெப்பமானி, ஒரு பழைய லெப்டொப். அந்த லெப்டொப்பை எப்போதும் பற்றரியில்தான் ஓட்டினோம். பிள்ளையின் உடலோடு வயர் தொட்டுக்கொண்டிருக்கும்போது சார்ஜரைச் சுவரில் செருகி வைக்கக் கூடாது. அது நான் விட்டுக்கொடுக்காத விதி. மின்வெட்டு வந்தாலும் வகுப்பு நிற்கவில்லை என்பது உபரி இலாபம்.

சென்சரின் சோம்பலும் உடலின் சோம்பலும்

உடம்பைத் தொடுவதற்கு முன் சென்சர்களையே அளந்தோம். மீன் வாடியில் இருந்து ஒரு பிள்ளை கொண்டு வந்த ஐஸை நொறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, உருகிக்கொண்டிருக்கும் அந்தக் கலவைக்குள் எல்லாச் சென்சர்களையும் ஒன்றாக அமிழ்த்தினோம். எல்லாமே 0 காட்ட வேண்டும். காட்டவில்லை. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. டீஎஸ்18பி20 இன் விபரத்தாளே அதன் திருத்தத்தை ±0.5 பாகை என்றுதான் சொல்கிறது. ஆனால் அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய மாற்றம் 0.0625 பாகை. ஆகவே ஒரே சென்சரில் காலத்தோடு வரும் மாற்றத்தை நம்பலாம். இரண்டு சென்சர்களை ஒப்பிடுவதானால் ஐஸில் கண்ட வித்தியாசத்தைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும். கடந்தகால வினாத்தாளில் எங்குமே இல்லாத இந்தப் பாடத்துக்கு ஒரு முழுப் பாடவேளை போனது. போகட்டும் என்று விட்டேன்.

இன்னொன்றும் செய்தோம். அறையில் கிடந்த சென்சரை இளஞ்சூட்டு நீருக்குள் வைத்துவிட்டு, புதிய வெப்பநிலையை எட்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தோம். நீருக்குள் வேகமாக ஏறுகிறது. வெளியே எடுத்துத் துடைத்துக் காற்றில் பிடித்தால் இறங்குவதற்கு நிமிடக்கணக்காகிறது. உருக்குக் குழாய்க்கே ஒரு வெப்பக் கொள்ளளவு இருக்கிறது, காற்று அதை மெதுவாகத்தான் குளிர்விக்கும். இதைப் பார்க்காமல் நேரே விரலில் கட்டியிருந்தால் சென்சரின் தாமதம் முழுவதும் உடலின் தாமதமாக எழுதப்பட்டிருக்கும். விரலில் கட்டும்போது சென்சரின் மேல் ஒரு துண்டுப் பஞ்சு வைத்துப் பிளாஸ்டரால் ஒட்டுவது என்று முடிவெடுத்தது இதன் பிறகுதான். மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும்.

ஒரு கை தண்ணீரில், மற்றக் கை மேசையில்

பரிசோதனை இலகுவானது. ஒரு கை 12 முதல் 15 பாகை வரையான குளிர்நீருக்குள். மற்றக் கை மேசையில், அதன் நடுவிரலில் சென்சர். நாக்கின் கீழே டிஜிட்டல் வெப்பமானி. ஒவ்வொருவர் மாறும்போதும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது. இரண்டு மூன்று நிமிடம் போதும், நோகத் தொடங்கினால் உடனே கையை எடுத்துவிடலாம். குளிரில் விரல் வெளிறி மரத்துப்போகும் பழக்கம் உள்ளவர்கள், இதயநோய் உள்ளவர்கள் தண்ணீரில் கை வைப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் இதைச் செய்ய நேரம் பார்க்க வேண்டும். வைகாசியில் பகல் 11 மணிக்கு அறையே 32, 33 பாகையில் இருக்கும். விரல் என்னதான் சுருங்கினாலும் அறையின் வெப்பநிலையைத் தாண்டிக் கீழே போக இடமில்லை, வரைபு தட்டையாகவே வரும். வாடைக்காற்று ஓயாத மாசி மாதத்தில், முதல் பாடவேளையிலேயே வைத்துக்கொண்டோம்.

முதலில் உட்கார்ந்த பையனின் கை நீரில் இறங்கிச் சிறிது நேரத்தில், நீரைத் தொடாத கையின் விரல் இறங்கத் தொடங்கியது. 33இல் இருந்த கோடு மெல்லச் சரிந்து 31ஐ நெருங்கியது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பி, “டீச்சர், எனக்கு ஓர்சீர்த்திடநிலை பிழைச்சிட்டுது” என்றான். வகுப்பு சிரித்தது.

“நாக்குக்குக் கீழ என்ன காட்டுது தம்பி?”

“36.8.”

“முதல்ல?”

“அதே 36.8தான்.”

“அப்போ எது பிழைச்சது?”

பதில் பின்வாங்கில் இருந்து வந்தது. “விரலக் குடுத்து உள்ளுக்க இருக்கிற சூட்டக் காப்பாத்துது டீச்சர்.” இதைவிடத் திருத்தமாக நான் சொல்லியிருக்க மாட்டேன். விரலின் குருதிக் கலன்கள் சுருங்கின, சூடான குருதி தோலுக்கு வருவது குறைந்தது, விரல் குளிர்ந்தது, உடலின் உட்பகுதி வெப்பத்தை இழப்பது குறைந்தது. விரலின் வெப்பநிலை பேணப்படும் அளவு அல்ல. பேணுவதற்காக விட்டுக்கொடுக்கப்படும் அளவு அது.

அதோடு முடியவில்லை. அமைதியாக இருக்கும் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: “உள்ளுக்குள்ள 36.8 மாறவே இல்லையே. மாறாட்டி, பின்னூட்டல் எதைப் பார்த்துத் தொடங்கினது?” வட்டப்படத்தில் இதற்கு விடை இல்லை. படத்தின்படி அளவு முதலில் விலக வேண்டும், அதன் பிறகுதான் திருத்தம். இங்கே அளவு விலகுவதற்கு முன்பே திருத்தம் வந்துவிட்டது. தோலில் உள்ள குளிர் வாங்கிகள் செய்தியை அனுப்புகின்றன. உட்பகுதி குளிரும்வரை உடல் காத்திருப்பதில்லை. எதிர்ப் பின்னூட்டலோடு சேர்ந்து முற்கூட்டியே இயங்கும் பொறிமுறைகளும் உடலில் உண்டு என்று அன்றைக்கு எழுதிக்கொண்டோம். வரைபு திரையில் இருந்திராவிட்டால் இந்தக் கேள்வி வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

எல்லோருடைய விரலும் ஒரே மாதிரி இறங்கவில்லை. மெலிந்த பிள்ளை ஒருத்தியின் விரல் தொடங்கும்போதே 28இல் இருந்தது, நீரில் கை வைத்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. “சென்சர் பழுது” என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். சென்சரை அவளிடமிருந்து கழற்றி வேறொருவரின் விரலில் கட்டியதும் அது ஒழுங்காக 33 காட்டியது. காலைக் குளிருக்கு அவளுடைய கலன்கள் முன்பே சுருங்கிவிட்டன, இன்னும் சுருங்க மிச்சமில்லை. விளைவுகாட்டிக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதை இப்படித்தான் கண்டோம்.

எழுந்து நிற்கும் அரை நிமிடம்

ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்து நிற்பதுதான் முழுப் பரிசோதனையும். செலவே இல்லாத இது போல எதிர்ப் பின்னூட்டலை அப்பட்டமாகக் காட்டும் வேறொன்றை நான் கண்டதில்லை.

நிற்கும்போது அரை லீற்றர் அளவு குருதி கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைய, குருதியமுக்கம் விழப்பார்க்கிறது. கழுத்து நாடியிலும் பெருநாடி வில்லிலும் உள்ள அமுக்க வாங்கிகள் அதை உணர்ந்து நீள்வளைய மையவிழையத்துக்குச் சொல்ல, நாடி வேகமெடுக்கிறது. ஆரோக்கியமான இளவயதினரில் ஏறத்தாழ 15ஆவது துடிப்பை ஒட்டி வேகம் உச்சத்துக்குப் போகிறது. 30ஆவது துடிப்பை ஒட்டி மீண்டும் குறைகிறது. பிறகு உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிடச் சற்று உயர்ந்த ஒரு மட்டத்தில் அமைகிறது. ஏற்றம், மிகையான ஏற்றம், இறக்கம், அமைதல். திருத்தம் கொஞ்சம் கூடிப்போய்ப் பின்னர் சரிப்படுவதை அரை நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம்.

பார்க்கலாம்தான், சென்சர் இடம் கொடுத்தால். விரல் நாடிச் சென்சர் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளப்பது. எழும்போது விரல் அசைந்தால் திரையில் குப்பைதான் வரும். கையை மடித்து மார்போடு சேர்த்து ஒரு சால்வையால் கட்டிவிட்டு எழச் சொன்னபோது கோடு தெளிந்தது. சென்சரோடு வரும் மாதிரி நிரலிலும் ஒரு சிக்கல் இருந்தது. அது கடைசி நான்கு துடிப்புகளின் சராசரியைத்தான் காட்டும். சராசரி எடுத்தால் நாங்கள் தேடும் அந்தக் கூர்முனையே மழுங்கிவிடும். தொழினுட்ப ஆசிரியர் சராசரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையிலான நேரத்தைத் தனித்தனியே பதிய வைத்தார். அவருடைய மாணவர்கள் இரண்டு பேர் எங்கள் வகுப்புக்கு வந்து நின்று இதைச் செய்தார்கள். தொழினுட்பத் துறைப் பிள்ளைகள் உயிரியல் வகுப்புக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்க வந்தது பாடசாலையில் புதுமையாகப் பேசப்பட்டது.

இங்கேயும் அதே கேள்விதான். எது பேணப்படுகிறது? இம்முறை பலர் சரியாகச் சொன்னார்கள்: குருதியமுக்கம். நாடித்துடிப்பு விளைவுகாட்டியின் வேலை. “அப்போ 72 எண்டுற இலக்கம்?” என்று ஒருவர் இழுத்தார். அது ஓய்வில் இருக்கும்போது செலவாகும் தொகை, அவ்வளவுதான்.

மூச்சை அடக்கினால் எது குறைகிறது?

ஒக்சிமீற்றரை மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கினால் ஒட்சிசன் வீதம் மளமளவென்று விழும் என்று எல்லோரும் முன்கூட்டியே தாளில் வரைந்து வைத்திருந்தார்கள். நடந்தது வேறு. 98 என்று நின்ற இலக்கம் 98இலேயே நின்றது. பிள்ளை முகத்தைச் சுளித்து, தோளைக் குலுக்கி, இனி முடியாது என்று மூச்சை விட்டது. இலக்கம் அப்போதும் 98, ஒருசிலரில் 97.

“ஒட்சிசன் குறையவே இல்லையே, பிறகேன் மூச்சு முட்டுது?” இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, அவர்களே கேட்டார்கள். விடை காபனீரொட்சைட்டில் இருக்கிறது. மூச்சை அடக்கும்போது அது குருதியில் சேர்கிறது. மூளையைச் சூழ்ந்துள்ள பாய்பொருளின் அமிலத்தன்மை கூடுகிறது. மூளைத்தண்டில் உள்ள இரசாயன வாங்கிகள் மூச்செடு என்று விரட்டுகின்றன. குருதியில் காபனீரொட்சைட்டின் பகுதியமுக்கம் வழமையாக 40 மில்லிமீற்றர் இரசம் அளவில் இருக்கும். அது 50ஐ ஒட்டி வரும்போது பெரும்பாலானோருக்குத் தாங்க முடியாமல் போய்விடும். ஒட்சிசனின் பக்கமோ விசாலமானது. அதன் பகுதியமுக்கம் 100இலிருந்து 60க்கு இறங்கினால்கூட ஈமோகுளோபினின் நிரம்பல் 90 வீதத்தை ஒட்டியே நிற்கும். ஒட்சிசனின் அமுக்கத்துக்கு எதிரே இந்த நிரம்பலைப் பாடக்குறிப்பில் எஸ் வடிவத்தில் வரைந்து மனப்பாடம் செய்த அந்த வளையியின் தட்டையான மேற்பகுதி எதற்கு உதவுகிறது என்பது ஒக்சிமீற்றரின் அசையாத இலக்கத்தில் தெரிந்தது. கொஞ்சம் கூட நேரம் தாக்குப்பிடித்த ஒருவரில் இலக்கம் மெல்லக் குறைந்தது, அதுவும் அவர் மூச்சு விட்ட பிறகு! நுரையீரலில் இருக்கும் குருதி விரல் நுனிக்கு வர நேரம் எடுக்கும். திரை காட்டுவது சற்று முந்திய கதையை.

இந்தப் பரிசோதனையை எங்கள் ஊரில் இவ்வளவோடு நிறுத்த முடியாது. வாவியோரத்தில் வளரும் பிள்ளைகள் இவர்கள். சுழியோடுவதற்கு முன் பலமாகப் பல தடவை மூச்சை இழுத்து விட்டால் கூட நேரம் நீருக்கடியில் நிற்கலாம் என்பது பையன்களிடையே உலவும் ஒரு வித்தை. வித்தை பலிக்கும், ஆபத்தே அதில்தான். அப்படி இழுத்து விடும்போது ஒட்சிசன் பெரிதாகக் கூடுவதில்லை, ஏற்கெனவே அது நிரம்பித்தான் இருக்கிறது. காபனீரொட்சைட்டுத்தான் கழுவப்பட்டுப் போகிறது. எச்சரிக்கை மணி பிந்தி அடிக்கும். அதற்குள் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்கு இறங்கி, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நீருக்குள்ளேயே மயக்கம் வரலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறக்கிறார்கள். ஆகவே வகுப்பில் இரண்டு விதிகள்: மூச்சடக்கும் முன் வேகமாக மூச்சு வாங்கக் கூடாது, யார் கூட நேரம் என்ற போட்டி கிடையாது. விதியைச் சொன்னால் சிரிப்பார்கள். வளையியைக் காட்டிக் காரணத்தைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்துமா உள்ளவர்கள் இதில் பதிவாளர்களாக இருந்தார்கள். நகச்சாயமும் கறுப்பு மருதாணியும் ஒக்சிமீற்றரைக் குழப்பலாம், குளிர்ந்த விரலும் அப்படியே. கருமையான தோலில் இக்கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றுக்குப் பிறகு மருத்துவர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது. எங்கள் வகுப்புக்கு அது நேரடியாகவே பொருந்தும். இலக்கத்தைவிட மாற்றத்தைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கச்சானும் கடற்காற்றும்

ஆனி, ஆடியில் கச்சான் தொடங்கிய பிறகு செய்ததுதான் என் மனதுக்குப் பிடித்த பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. எங்களுக்கு வந்து சேர்வது அந்த மிச்சக் காற்று.

இரண்டு டீஎஸ்18பி20, ஒன்றை அப்படியே தொங்கவிட்டு, மற்றதைச் சுற்றி நனைந்த வேட்டித் துணி. உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானி தயார். கச்சான் வீசிய ஒரு நாள் நண்பகலில் எங்கள் பாடசாலை மரநிழலில் உலர்ந்தது 35ஐயும் ஈரமானது 25ஐயும் காட்டின. அதே நாள் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில் கடலோரப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் என் சிநேகிதி தன் மாணவர்களோடு அளந்து அனுப்பியது 32, 28. கடற்காற்று ஏறிய பின்பு எடுத்தது.

எங்கே கூடப் புழுக்கம் என்று கேட்டால் வெப்பமானியைப் பார்த்து “எங்கட பக்கம்” என்பார்கள். ஆனால் தோலில் இருந்து வியர்வை ஆவியாக எங்கே இலகு? ஈரத்துணி 10 பாகை குளிர்ந்த இடத்தில். 4 பாகைதான் குளிர்ந்த கடற்கரையில் வியர்வை வழிந்து நிலத்தில் விழும். விழுந்த வியர்வை எதையும் குளிர்விக்காது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஒரு லீற்றருக்கு 2400 கிலோயூல். அந்த வெப்பம் வெளியே போகாமல் 70 கிலோ உடலுக்குள்ளேயே தங்கியிருந்தால் உடல் வெப்பநிலை 10 பாகை அளவு ஏறிவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது வகுப்பு கொஞ்சம் திகைத்தது.

ஈரக்குமிழ் 35 பாகையை எட்டினால் மனித உடலால் வெப்பத்தை வெளியேற்றவே முடியாது என்று 2010இல் ஒரு கணிப்பு முன்வைக்கப்பட்டது. இளவயது ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான பரிசோதனைகள், ஈரப்பதன் மிக்க சூழலில் அந்த எல்லை 31ஐ ஒட்டியே வந்துவிடுவதாகக் காட்டின. கடற்கரையின் 28 இதற்கு எவ்வளவு கிட்ட என்று பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.

சரி, கச்சான் நல்லதா? அப்படியும் இல்லை. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் தான் வியர்ப்பதே ஆளுக்குத் தெரிவதில்லை. சிறுபோக வயலில் நிற்கும் தகப்பன்மாரைப் பற்றிப் பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். “அப்பா தண்ணியே குடிக்கமாட்டார் டீச்சர், வேர்க்கல்ல எண்டு சொல்லுவார். ஆனா பின்னேரம் சிறுநீர் மஞ்சளாப் போகுது எண்டு சொல்லுவார்.” இந்த ஒரு வரியில் இரண்டு பேணல்கள் மோதுகின்றன. வெப்பநிலையைக் காக்க உடல் நீரைச் செலவிடுகிறது. நீரைக் காக்க ஏடிஎச் ஓமோன் சிறுநீரைச் சுருக்குகிறது. இரண்டையும் ஒன்றாகக் காக்க முடியாத கட்டத்தில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டிவரும். தனித்தனி வட்டங்களாகப் படித்தவை ஒரே ஆளுக்குள் ஒன்றையொன்று இழுப்பதை எந்தச் சென்சரும் காட்டவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு வழிவிட்டது ஈரத்துணி சுற்றிய சென்சர்தான்.

நோன்பு காலத்தில் நீரிழப்பு வரக்கூடிய எந்தப் பரிசோதனையும் வைப்பதில்லை என்று சிநேகிதியும் நானும் முன்கூட்டியே பேசிக்கொண்டோம். அவளுடைய வகுப்பில் நோன்பு நோற்கும் பிள்ளைகள் அதிகம்.

முட்டைப் பெட்டி

ஒரு மாணவன் வீட்டில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி இருந்தது: றெஜிபோம் பெட்டி, ஒரு பல்ப், வெப்பநிலைக் கட்டுப்படுத்தி. 37.5க்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் எங்கள் சென்சரை வைத்துப் பதிந்தபோது, பல்ப் அணைந்த பிறகும் வெப்பநிலை கொஞ்சம் ஏறுவதும், எரியத் தொடங்கிய பிறகும் கொஞ்சம் இறங்குவதுமாக அலை அலையாக வந்தது. உடலோடு ஒப்பிட நல்ல மாதிரி. வேறுபாடுதான் இன்னும் நல்ல பாடம். பல்புக்கு எரிவது, அணைவது என்று இரண்டே நிலைதான். தோலின் கலன்கள் கொஞ்சம் சுருங்கலாம், நிறையச் சுருங்கலாம். அது போதாவிட்டால் நடுக்கம் வரும், அதுவும் போதாவிட்டால் பிள்ளை எழுந்து போய்ச் சுவெற்றர் போடும். இதை ஒரு பாடவேளைக்குள் முடித்துவிட்டோம்.

விடைத்தாளில் தெரிந்ததும் தெரியாததும்

ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன் எதிர்பார்க்கும் வரைபைப் பென்சிலால் வரையச் சொன்னேன். பிறகு அதே தாளில் உண்மையானதைப் பேனையால். அழிறப்பர் கூடாது. எனக்கு மதிப்பீடு இந்தத் தாள்களில்தான். முதற்பரிசோதனையின் பென்சில் கோடுகள் பெரும்பாலும் தட்டையான நேர்கோடுகள்: “பேணப்படும், ஆகவே மாறாது.” கடைசிப் பரிசோதனைகளின் பென்சில் கோடுகளில் தாமதமும் மிகையேற்றமும் தாமாகவே வந்திருந்தன. அச்சுக்குப் பெயரிடும்போது “பேணப்படுவது”, “மாற்றப்படுவது” என்று சிலர் தாங்களே பிரித்து எழுதினார்கள்.

தவணைப் பரீட்சையில் கச்சான் கேள்வியை வேறு உருவில் போட்டேன். நாடி ஏறியதை விளைவுகாட்டியின் செயல் என்று நன்றாக விளக்கியவர்கள் இருந்தார்கள். வரைபு வாசிப்பிலேயே பலவீனமான பிள்ளைகளுக்கு மட்டும் சென்சர் பெரிதாக உதவவில்லை. அவர்களுக்குத் திரையில் ஓடும் கோடு ஒரு வேடிக்கை. நேரம் எந்த அச்சில், அளவு எந்த அச்சில் என்பதே தடுமாற்றம். இவர்களைத் தனியே இருத்தி, ஒரே ஒரு வரைபைக் கையால் புள்ளி புள்ளியாகக் குறிக்கச் செய்தது அதிகம் பலன் தந்தது. சென்சரை மேசையில் வைத்துவிட்டால் எல்லோருக்கும் விளங்கிவிடும் என்று சொல்லும் பயிற்சிப் பட்டறைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு.

குருதிக் குளுக்கோசை நாங்கள் அளக்கவில்லை. வகுப்பில் விரலைக் குத்துவது தொற்று, சம்மதம், ஒரு பிள்ளையின் நோய் மற்றவர்களுக்குத் தெரியவருதல் என்று பல சிக்கல் உள்ள விடயம். அதற்கு அச்சிட்ட வரைபுகளையே பயன்படுத்தினேன். நாடியும் வெப்பநிலையும்கூடப் பெயரில்லாமல், குழு எழுத்தோடு மட்டுமே பதியப்பட்டன. பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்கினோம். பெண்பிள்ளைகளுக்குச் சென்சர் ஒட்டுவது பெண்பிள்ளைகளே. ஒருவருடைய நாடி வழமைக்கு மாறாக இருந்தால் வகுப்பில் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குத் தனியே அறிவிப்பது என்றும் முடிவெடுத்திருந்தோம்.

வேறு பாடசாலைகளில் இருந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் ஆர்டுவினோவைத் தேடி அலைய வேண்டாம். ஒரு ஒக்சிமீற்றர் இருந்தால் மூச்சடக்கலும் எழுந்து நிற்றலும் செய்துவிடலாம். நாடியை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதலாம். கூர்முனை மழுங்கலாகத்தான் வரும், ஆனால் ஏறி இறங்கி அமைவது தெரியும். நான்கு பாடவேளை கிடைத்தால் ஐஸில் சென்சரைச் சோதிப்பதையும் குளிர்நீரில் கை வைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதையும் மாசி மாதத்திலேயே முடித்துவிடுங்கள். முட்டைப் பெட்டியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை.